அப்கிரேடு முடிந்ததும் கறுப்புத் திரை: சரிசெய்வதா, திரும்பிப் போவதா, புதிதாகப் போடுவதா?

சனிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். மேல்மாடி அக்கா கதவைத் தட்டினார். கையில் மடிக்கணினி, திறந்தபடியே.

"தம்பி, அப்கிரேடு முடிஞ்சுது, ரீஸ்டார்ட் பண்ணுன்னு சொன்னுச்சு. பண்ணேன். இப்போ ஒண்ணுமே வரல. திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குத் தாள் கொடுக்கணும்."

அக்கா துணைப்பாட ஆசிரியர். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் தொடக்கநிலை ஆறு படிக்கும் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். வினாத்தாள் எல்லாம் அந்தக் கணினியில்தான். உபுண்டு லினக்ஸ் 22.04லிருந்து 24.04க்குப் போயிருக்கிறார். டிஸ்க் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. விசிறி நன்றாகவே சுற்றியது.

இந்த நிலையில் நிற்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. சிஸ்டத்தின் மையக்கருவான கெர்னலின் பழைய பதிப்பில் ஓட்டிக்கொண்டு நாளைக் கடத்தலாம். உட்கார்ந்து பழுதைத் தேடிச் சரிசெய்யலாம். அப்கிரேடுக்கு முன் எடுத்து வைத்த சிஸ்டம் பிரதிக்கு, அதாவது ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். கடைக்குக் கொண்டுபோவதை நான் ஐந்தாவது வழியாகச் சேர்ப்பதில்லை. கடைக்காரரும் இந்த நான்கில் ஒன்றைத்தான் செய்வார், அநேகமாகக் கடைசி வழியை.

நான்கையும் நானே நடந்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்பது பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கறுப்புத் திரையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கால் மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குவது என் வழக்கம்.

முதலில் கால் மணி நேரம்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை ஒன்று வரும். அதில் உள்நுழைந்து, அப்கிரேடு உண்மையிலேயே முடிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு பூட் பகுதி தனியாக, சிறியதாக இருக்கும். இரண்டு மூன்று பழைய கெர்னல்கள் தங்கியிருந்தால் நிரம்பிவிடும். நிரம்பிய இடத்தில் புதிய கெர்னலுக்கான தொடக்கக் கோப்பை எழுத முடியாமல் பொதிகள் (மென்பொருள் மூட்டைகள்) பாதியில் நிற்கும். அப்படி நின்றிருந்தால் வேறு எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. இடத்தைக் காலி செய்து, டிபிகேஜி கட்டளையால் பாதியில் நின்ற பொதிகளை முடித்துவைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்கிரேடு எங்கே தடுக்கியது என்பது லாக் அடைவில் டிஸ்ட்-அப்கிரேடு என்ற பெயருள்ள உள்ளடைவில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. முதலில் திறக்க வேண்டியதே அதுதான்.

அது சுத்தம் என்றால் மூன்று சோதனைகள்.

ஒன்று, பழைய கெர்னல். கணினியை அணைத்துப் போட்டு, தயாரிப்பாளரின் சின்னம் வந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டினால், எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். பழைய வகை பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் மேம்பட்ட தேர்வுகள் என்ற வரிக்குள் முந்தைய கெர்னல் வழக்கமாக இன்னும் இருக்கும். 22.04 வந்தது 5.15 கெர்னலோடு, 24.04 வந்தது 6.8ஓடு. பழையதில் திரை வந்துவிட்டால் பழுது கெர்னலோடு ஒட்டி ஓடும் டிரைவரில்: கிராஃபிக்ஸ், வைஃபை, மெய்நிகர் இயந்திர மென்பொருள், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

இரண்டு, வேறு அமர்வு. உள்நுழையும் திரையில் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தைத் தட்டி, திரையை வரையும் புது முறையான வேலேண்டுக்குப் பதில் பழைய முறையான எக்ஸார்க்கைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது. திரை பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப் போன்றவற்றில் வரும் பல தொல்லைகள் இங்கே பிடிபட்டுவிடும். உபுண்டு 25.10லிருந்து அந்த எக்ஸார்க் அமர்வையே எடுத்துவிட்டார்கள், ஆகவே அதற்குப் போனவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது.

மூன்று, புதிய பயனர் கணக்கு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெறுமையான ஒரு கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடினால் சிஸ்டத்தின்மேல் தப்பில்லை. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் மறைந்து கிடக்கும் பழைய அமைப்புக் கோப்பு ஒன்றுதான் வம்பு செய்கிறது. அதற்காக முழு சிஸ்டத்தையும் துடைத்துப் போட்டு, பிறகு அதே ஹோம் அடைவை மேலே ஒட்டினால் அதே பழுது புத்தம்புது சிஸ்டத்திலும் வந்து நிற்கும்.

அக்காவின் கணினியில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் உள்நுழையும் திரை வந்துவிட்டது. "வந்துருச்சு! போதும் தம்பி, இப்படியே விடு" என்றார்.

இப்படியே விடுவதில் என்ன கெட்டுப்போகும்?

இரண்டு நாளில் ஒன்றும் கெடாது. திங்கட்கிழமை வேலை என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்: பழைய கெர்னலில் ஏறி வேலையை முடி, பழுதை அப்புறம் பார். ஆனால் அதில் மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது. 24.04க்கு மாறிய கணினிக்கு 22.04இன் கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தம் வராது. என்றாவது ஒருநாள் தேவையற்ற பொதிகளை நீக்கும் கட்டளையை ஓட்டும்போது அந்தப் பழைய கெர்னலும் சேர்ந்து போய்விடக்கூடும். வங்கிக் கணக்கையும், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸையும் திறக்கும் கணினி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அன்றிரவு என்னை உட்கார வைத்தது வேறொன்று. திரை வந்தது, தமிழ் வரவில்லை. எழுத்து அடித்தால் ஆங்கிலம்தான் விழுந்தது. தமிழ் அடிக்க முடியாத கணினி தமிழாசிரியருக்கு எதற்கு?

சரிசெய்வது: ஒரு பெரிய பழுது நல்லது

திரைப் பிரச்சினைக்குக் காரணம் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் பிள்ளை ஏதோ விளையாட்டு ஓட வேண்டும் என்று கேட்டதற்காக, கிராஃபிக்ஸ் அட்டைக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக் கையால் நிறுவியிருந்தேன். அப்படி நிறுவிய டிரைவரைப் பற்றிப் பொதி மேலாளருக்கு எதுவும் தெரியாது. அது அன்றைய கெர்னல் வரிசைக்காக எழுதப்பட்டது, புதிய வரிசை வந்ததும் தனித்து நின்றுவிட்டது. பொதியாக நிறுவியிருந்தால் கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் மாறியிருக்கும். கையால் போட்டதை அதற்கென்று உள்ள நீக்கும் நிரலால் எடுத்துவிட்டு, உபுண்டுவிலேயே இருக்கும் டிரைவர் பொதியைப் போட்டேன்.

அதிலும் ஒரு சறுக்கல். கையொப்பமில்லாததை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், டிரைவர் அங்கேயே கட்டப்படும்போது அதற்கு ஒரு கையொப்பச் சாவி வேண்டும். அந்தச் சாவியை ஏற்கச் சொல்லி அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத் திரை வரும். பத்து வினாடிக்குள் ஒரு விசையைத் தட்டி, சாவியைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய், நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். நீலத் திரை வந்ததும் போனதும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். "என்னமோ எண்ணிக்கிட்டே இருந்துச்சு தம்பி, நான் தொடல" என்றார். மறுபடி முதலிலிருந்து. டிரைவர் சரியாகவே நிறுவப்பட்டும் திரை வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் பத்து வினாடியைத் தவறவிட்டவர்களாக இருப்பார்கள்.

அடுத்தது தமிழ். புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, உள்ளீட்டுக் கருவியான ஐபஸ் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துப் பார்த்தேன். முதல் தட்டிலேயே 'அ' விழுந்தது. அப்படியென்றால் சிஸ்டம் சரி, அக்காவின் ஹோம் அடைவில்தான் ஏதோ இருக்கிறது. தேடினால், அதுவும் என் கைவரிசை. முன்பு வேறோர் உள்ளீட்டு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தபோது, எல்லாச் செயலிகளும் அதையே பயன்படுத்தட்டும் என்று புரொஃபைல் கோப்பில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அப்கிரேடில் அந்த மென்பொருள் கழன்றுவிட்டது, என் இரண்டு வரிகள் மட்டும் அப்படியே நின்று, இல்லாத ஒன்றை நோக்கி விசைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. வரிகளை அழித்து, வெளியேறி, மறுபடி நுழைந்ததும் தமிழ் வந்தது.

கணினித் தமிழுக்கான தமிழ்நெட்97 மாநாடு 1997 மே மாதம் நடந்தது இந்தச் சிங்கப்பூரில்தான். அதை முன்னின்று நடத்தியவர் இங்கேயே ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழுக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று அங்கே தொடங்கிய பேச்சு, 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையாக முடிந்தது. அவ்வளவு பேர் கூடி உருவாக்கியதை என் இரண்டு வரி அந்த இரவில் நிறுத்தி வைத்திருந்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆக இரண்டு பழுதுகள், இரண்டுக்கும் தெளிவான காரணம். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். இது சரிசெய்யத் தகுந்த பழுது. எங்கே என்று சோதனை காட்டிவிட்டது, காரணம் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியது, திருத்தினால் திரும்பி வராது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் இந்த பூட்டின் பிழைகளை மட்டும் கேட்டால் வரும் சிவப்பு வரிகளில், உங்கள் பழுதோடு பொருந்தும் ஒரு வரியாவது இருந்தால் சரிசெய்வதில் இறங்கலாம். அங்கே சிவப்பு வரி எப்போதுமே சில இருக்கும், நல்ல கணினியிலும் இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

நான் எனக்கு வைத்திருக்கும் எல்லை இரண்டு மணி நேரம். அதைத் தாண்டினால் மூளை களைத்து, எங்கோ கண்ட கட்டளைகளைப் புரியாமல் ஒட்ட ஆரம்பிப்பேன். அப்புறம் அப்கிரேடு கெடுத்தது எது, நான் கெடுத்தது எது என்று எனக்கே தெரியாது.

திரும்பிப் போவது

டெபியன், உபுண்டு வழியில் வந்த சிஸ்டங்களுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. 24.04ஐ, பொதிகளைக் கையாளும் ஆப்ட் கட்டளையால் 22.04 ஆக்க முடியாது. முயன்றவர்கள் கடைசியில் புதிதாகத்தான் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போவது என்றால் ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் அதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி. லினக்ஸ் மின்ட்டின் அப்கிரேடு கருவி ஸ்னாப்ஷாட் எடுக்காமல் நகரவே விடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். உபுண்டு அப்படிக் கேட்பதில்லை.

அப்கிரேடு செய்த அன்று காலையில் எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்தால் நான்கு வழிகளில் இதுவே மிக வேகமானது. கணினி எழவே மறுத்தாலும் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தை ஏற்றி, அதில் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து மீட்கலாம். மின்ட்டின் லைவ் யூஎஸ்பியில் டைம்ஷிஃப்ட் ஏற்கெனவே இருக்கும்.

ஆனால் இது கால இயந்திரம் இல்லை. டைம்ஷிஃப்ட் வழக்கமாக ஹோம் அடைவைத் தொடாது. அது நல்லதுதான், நேற்று எழுதிய கட்டுரை போகாது. அதே காரணத்தால் சிஸ்டம் பழையதாகவும் உங்கள் அமைப்புகள் புதியதாகவும் ஆகிவிடும். புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழைய ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால், இது எனக்குப் புதிது என்று சொல்லிப் புதுச் சுயவிவரம் கேட்கும். சிஸ்டத்தின் வார் (var) அடைவில் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்த் தொல்லை: மைஎஸ்க்யூஎல் போன்றவற்றின் தரவும் சிஸ்டத்தோடு சேர்ந்து பின்னோக்கிப் போய்விடும். மீட்பதற்கு முன் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அக்காவிடம் ஸ்னாப்ஷாட் இருந்தது. பார்த்தால் பதினோரு மாதம் பழையது. வெளி ஹார்ட்டிஸ்க்கில் எடுக்கும்படி நான் அமைத்துக் கொடுத்திருந்தேன். அந்த ஹார்ட்டிஸ்க் பதினோரு மாதமாக அலமாரியில், தீபாவளி விளக்குப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. ஆக அவருக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது.

திரும்பிப் போவதை ஒரு தோல்வியாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. 22.04க்கு வழக்கமான ஆதரவு 2027 வரை இருக்கிறது. தனிப்பட்டவர்களுக்கு ஐந்து கணினி வரை இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு புரோவைச் சேர்த்தால் அதற்கு மேலும் நீளும். இவை போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பில், அதாவது எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு அடுத்த எல்டிஎஸ்ஸின் முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் அப்கிரேடு அழைப்பே வரும். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு அந்தத் திருத்தப் பதிப்பு ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. அவசரமே இல்லாத ஒன்றை இரவோடு இரவாக ஏன் பிடித்துத் தள்ள வேண்டும்?

புதிதாகப் போடுவது: ஏழு சின்னப் பழுது கெட்டது

இது என் சொந்தக் கணினியின் கதை. அதில் திரை நன்றாகவே வந்தது. ஆனால் ஹெட்ஃபோன் செருகினால் சத்தம் ஸ்பீக்கரிலேயே வரும். மூடித் திறந்தால் சில நாள் விழிக்காது. புளூடூத் மைக் ஒரு கூட்டத்தில் வேலை செய்யும், அடுத்ததில் செய்யாது. நிறுவாமலே ஓடும் ஆப்இமேஜ் வடிவில் வைத்திருந்த இரண்டு செயலிகள் திறக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. உதாரணத்துக்கு, 22.10லிருந்து ஒலிக்கு பல்ஸ் ஆடியோவுக்குப் பதில் பைப்வயர் வந்துவிட்டது; நான் பல்ஸ் ஆடியோவுக்காகக் கையால் எழுதி வைத்த அமைப்புகள் அதோடு முட்டிக்கொண்டன. 24.04இல் ஆப்ஆர்மர் பாதுகாப்பு இறுக்கப்பட்டதால், பாதுகாப்புக்காகத் தனக்கென்று ஒரு தனி அடைப்பு (மணல்பெட்டி) கட்டிக்கொள்ள நினைக்கும் சில செயலிகள் தடுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் திருத்தத் திருத்த அடுத்தது எட்டிப்பார்த்தது. மூன்று வார இறுதிகள் போயின.

அங்கேதான் இரண்டு மணி நேர எல்லையை நான் மீறினேன். ஒரே பெரிய பழுது என்றால் ஒரே காரணம் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழு சின்னப் பழுது என்றால், அது வருடக்கணக்கில் சேர்ந்த கைவேலைகளின் வண்டல். அதைக் கிளறுவதைவிடப் புதிதாகப் போடுவதே மலிவு.

அதிலும் இரண்டு விதம் உண்டு. பெரும்பாலோர் இருக்கும் டிஸ்க்கைத் துடைத்துப் போடுவார்கள். நான் நான்காவது சனிக்கிழமை கணினிச் சாமான் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி, தாளில் தேதி எழுதி ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்தேன். புதியதைப் பொருத்தி அதில் சிஸ்டத்தைப் போட்டேன். சில வெள்ளி கூடுதல் செலவுதான். ஆனால் எதை மறந்தாலும் பழையதைச் செருகி எடுத்துக்கொள்ளலாம். அதைவிட நம்பகமான ஸ்னாப்ஷாட் எனக்குத் தெரியாது. எஸ்எஸ்டி போர்டோடு ஒட்டப்பட்ட மெல்லிய மடிக்கணினிக்கு இது ஒத்துவராது. அவர்கள் வெளி டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

நிறுவுவது அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நம் ஊர் இணைய வேகத்தில் நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்குவது அதைவிடச் சின்ன வேலை. நேரம் தின்றது எதைக் கொண்டுவருவது என்ற கேள்விதான். ஹோம் அடைவை மொத்தமாக நகலெடுக்கும் ஆசையை அடக்க வேண்டும், வண்டலும் கூடவே வரும். ஆவணங்கள், படங்கள், உலாவியின் சுயவிவரம், அஞ்சல், எஸ்எஸ்எச் சாவிகள், அவ்வளவுதான். தமிழில் நிறைய வருடமாக எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: எழுத்துருக்கள் இருக்கும் மறை அடைவு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத் தெரியும். கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணி அழிக்கப் போன ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிட்டது. மூன்று வார இறுதிக்கு எதிரே ஒரே வார இறுதி. அப்படியென்றால் எல்லாரும் எப்போதும் புதிதாகவே போடலாமே என்று கேட்கலாம். அக்காவின் கணினியில் நான் அதைச் செய்திருந்தால், திரைப் பிரச்சினை போயிருக்கும்; ஹோம் அடைவை அப்படியே கொண்டுவந்திருப்பேன், தமிழ் வந்திருக்காது, காரணமும் தெரிந்திருக்காது. அவர் பழகிய சின்னச் சின்ன அமைப்புகளை வரிசைப்படுத்த இன்னொரு வாரம் என் கதவு தட்டப்பட்டிருக்கும். தொழில்நுட்பம் தெரியாதவரின் கணினிக்குச் சரிசெய்வதும், எல்லாவற்றையும் கையால் மாற்றி வைத்திருக்கும் என்னைப் போன்றவரின் கணினிக்குப் புதிதாகப் போடுவதும் பொருந்துகின்றன. பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

ஞாயிறு காலையிலேயே அக்கா வினாத்தாளை அடித்து முடித்துவிட்டார். ஹார்ட்டிஸ்க் விளக்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, இப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தொல்லை மட்டும் மிச்சம்: மூடித் திறந்தால் வைஃபை வரப் பத்து வினாடி ஆகிறது. போன வாரம் அதைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி, நீ தொட்டுடாதே. அதுக்குள்ள நான் தே கலக்கி எடுத்துட்டு வந்துடுவேன்" என்றார்.